கேள்வி கேட்கிற டிசைனரைப் பிடியுங்கள்: இம்பிளான்ட் சர்ஜிகல் கைடு பற்றிச் சில பதில்கள்

இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர். அதற்கான துளை சரியான இடத்தில், சரியான கோணத்தில் விழ டிரில்லை வழிநடத்த, வாயில் பொருத்தும் அச்சுதான் சர்ஜிகல் கைடு.

மாதம் நாலைந்து இம்பிளான்ட் வைக்கிறேன். கைடு டிசைனுக்கு மூன்று இடத்தில் விசாரித்தேன். ஆன்லைனில் ஒருவர் ரொம்ப மலிவு, உள்ளூர் லேப் நடுத்தரம், இம்பிளான்ட் கம்பெனி அதிகம். யாரிடம் கொடுக்கலாம்?
பல் மருத்துவர், அம்பத்தூர்

விலையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள் டாக்டர். மூன்று பேருக்கும் ஒரே கேஸை அனுப்பி, அவர்கள் திருப்பி என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். எந்தக் கம்பெனி இம்பிளான்ட், உங்கள் கையில் எந்த கைடட் கிட் (கைடோடு பயன்படுத்தும் டிரில் செட்) இருக்கிறது, மேலே வரும் பல்லை ஸ்க்ரூவால் முடுக்குவதா சிமென்ட்டால் ஒட்டுவதா, பேஷன்ட் வாய் எவ்வளவு திறக்கிறார், பக்கத்துப் பல் ஆடுகிறதா? இதில் எதையுமே கேட்காமல் "ஓகே டாக்டர், நாளைக்கு ரெடி" என்கிறவரிடம் நான் கொடுக்க மாட்டேன்.

அடுத்தது, பிரிண்டுக்குப் போகும் முன் பிளானை உங்களுக்குக் காட்ட வேண்டும். அழகான முப்பரிமாணப் படம் போதாது. சிபிசிடி ஸ்கேனின் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) குறுக்குவெட்டுகளின் மேல், வாய் ஸ்கேனின் (பல், ஈறு மேற்பரப்பின் பதிவு) கோடு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அந்தக் கோடு பல்லின் எனாமல் விளிம்போடு ஒட்டி ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விலகியிருந்தால் இரண்டு ஸ்கேனும் சரியாகப் பொருந்தவில்லை. பிறகு பிளான் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் துளை வேறு இடத்தில்தான் விழும். அதன் பிறகே வழக்கமான கணக்கு: கீழ்த்தாடை நரம்புக் குழாய்க்கு மேலே 2 மிமீ, பக்கத்துப் பல்லுக்கு 1.5 மிமீ, இரண்டு இம்பிளான்ட்டுக்கு நடுவே 3 மிமீ.

அந்த 2 மிமீயைச் சும்மா விடுகிற இடம் என்று நினைக்காதீர்கள். 2018-ல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பில், கைடு வைத்துப் போட்டும் சராசரி விலகல் இம்பிளான்ட் எலும்பில் நுழையும் இடத்தில் 1.2 மிமீ, அதன் நுனியில் 1.4 மிமீ, கோணத்தில் 3.5 டிகிரி. சராசரியே இவ்வளவு.

மூன்றாவது, டிரில் வரிசைத் தாள். நிறைய பேர் இதைக் கவனிப்பதே இல்லை. உதாரணத்துக்கு ஸ்ட்ராமன் கம்பெனியின் கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கைடில் டிரில் நுழையும் வளையத்துக்கு ஸ்லீவ் என்று பெயர்; அதில் வைத்து டிரில்லைச் செலுத்தும் கைப்பிடிதான் டிரில் ஹேண்டில். அதன் ஒரு முனையில் 1 மிமீ உயர உருளை, மறு முனையில் 3 மிமீ. தாளில் 3 என்று இருக்க, அசிஸ்டென்ட் 1 பக்கத்தைத் திருப்பி நீட்டினால் டிரில் 2 மிமீ கூடுதலாக இறங்கும். நரம்புக்கு விட்ட இடைவெளி முழுக்க அங்கேயே போச்சு. ஒவ்வொரு டிரில்லுக்கும் நீளம், எந்த உருளை, ஸ்லீவ் உயரம் எல்லாம் எழுதிய தாள் தராத சர்வீஸ் இலவசமாகவே செய்தாலும் வேண்டாம்.

இந்த மூன்றிலும் தேறினால், என் ஓட்டு உள்ளூர் லேபுக்கு. கைடு உட்காரவில்லை என்றால் அன்று மாலையே மாடலோடு நேரில் போய் நிற்கலாம். கம்பெனி சர்வீஸுக்கு அவர்கள் கிட் அத்துப்படி, ஆனால் நாளைக்கு நீங்கள் வேறு இம்பிளான்ட்டுக்கு மாறினால் உதவாது. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: டிசைன் யார் செய்தாலும் பிளானுக்கு ஒப்புதல் கொடுப்பவர் நீங்கள், பேஷன்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

கைடு வந்தது, வாயில் வைத்தால் ஆடுகிறது. டிசைனர் "உங்க ஸ்கேன் சரியில்லை" என்கிறார். தப்பு யார் மேல்?
வேளச்சேரி

முதலில் ஸ்கேன் செய்த மாடல் மேல் வைத்துப் பாருங்கள். மாடலிலும் ஆடினால் டிசைன் அல்லது பிரிண்ட் கோளாறு. சப்போர்ட் (பிரிண்டின்போது தாங்கும் குச்சிகள்) வெட்டிய இடத்தில் ரெசின் (பிரிண்ட் அடிக்கும் பிளாஸ்டிக்) துணுக்கு துருத்திக்கொண்டிருக்கலாம், கழுவிய பிறகு சரியாக க்யூர் ஆகாமல், அதாவது இறுகாமல், வளைந்திருக்கலாம். மாடலில் கச்சிதமாக உட்கார்ந்து வாயில் மட்டும் ஆடினால் இம்ப்ரெஷன் (வாயில் எடுத்த அச்சு) அல்லது வாய் ஸ்கேன் பக்கம் தேடுங்கள். இம்ப்ரெஷன் எடுத்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் யாராவது பக்கத்துப் பல்லில் ஃபில்லிங் வைத்தார்களா, கேப் மாற்றினார்களா என்றும் கேளுங்கள். பேஷன்ட் தானாகச் சொல்ல மாட்டார்.

அடுத்த கேஸில் பல்லின் நுனி தெரிகிற மாதிரி கைடில் சின்ன ஜன்னல்கள் வைக்கச் சொல்லுங்கள். ஜன்னல் வழியே பல்லுக்கும் ரெசினுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் கைடு இறங்கவில்லை என்று அர்த்தம். ஆடுகிற கைடை விரலால் அழுத்திப் பிடித்து டிரில் போடுவதைவிட, கைடே இல்லாமல் போடுவது மேல்.

டிசைன் மட்டும் வாங்கி, என் கிளினிக் பிரிண்டரிலேயே அடிக்கலாமா?
பெரம்பூர்

தாராளமாக. புளூ ஸ்கை பிளான் மாதிரி மென்பொருளில் டிசைனையே நீங்கள் கற்றுக்கொள்ளலாம். ஆனால் சர்ஜிகல் கைடுக்கென்றே வரும், உடலுக்கு ஒத்துக்கொள்கிற ரெசின்தான் வேண்டும். மாடல் அடிக்கிற ரெசின் ஆகாது. கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் சூடு எவ்வளவு, எத்தனை நிமிடம் என்பதை அந்த ரெசினின் கையேட்டில் பார்த்து அப்படியே செய்யுங்கள். மே மாத வெயிலில் கைடை பைக் பெட்டியில் போட்டுச் சுற்ற வேண்டாம்.

ஸ்கேன் சென்டர் கொடுத்த ஃபிலிமை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா?
மாதவரம்

போதாது. டிசைனருக்கு வேண்டியது டைகாம் ஃபைல்கள், அதாவது ஸ்கேனின் அசல் டிஜிட்டல் பதிவு. சென்டர் தரும் சிடியிலோ லிங்க்கிலோ வியூவர் மென்பொருளோடு ஒரு ஃபோல்டரில் கிடக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதற்குள் பேஷன்ட் பெயர், பிறந்த தேதி எல்லாம் பதிந்திருக்கும். அனுப்பும் முன் நீக்கிவிட்டு ஒரு கேஸ் நம்பர் போடுங்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் இது மரியாதை.

ஸ்கேன் எடுக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டாமல் இருக்க நடுவில் பஞ்சு உருளை வைக்கச் சொல்லி சீட்டிலேயே எழுதிவிடுங்கள். பல் கடித்தபடி எடுத்த ஸ்கேனில் டிசைனர் படும் பாடு சொல்லி மாளாது.

பல்லே இல்லாத பேஷன்ட். கைடு எதைப் பிடித்து நிற்கும்?
தாம்பரம்

ஈறைப் பிடித்து. அதனாலேயே பல் மேல் நிற்கும் கைடு அளவுக்குத் துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். நன்றாகப் பொருந்துகிற பல்செட்டில் கட்டாபெர்ச்சா (ஸ்கேனில் பளிச்சென்று தெரியும் ரப்பர் போன்ற பொருள்) புள்ளிகள் வைத்து, பேஷன்ட் வாயில் ஒரு ஸ்கேன், பல்செட்டை மட்டும் தனியாக இன்னொரு ஸ்கேன். இந்த இரட்டை ஸ்கேன் முறை தெரியாத டிசைனரிடம் இந்தக் கேஸைக் கொடுக்கவே கூடாது. எலும்பில் கைடை இறுக்க ஃபிக்ஸேஷன் பின்கள் கட்டாயம், அவற்றுக்கான இடமும் பிளானிலேயே வர வேண்டும். லூஸான பழைய செட்டை வைத்து ஸ்கேன் எடுத்தால் எல்லாம் வீண்.

அப்பாவுக்கு ஒரு பல் இம்பிளான்ட். கைடுக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். தேவைதானா?
மயிலாப்பூரிலிருந்து ஒரு மகள்

எப்போதும் தேவையில்லை அம்மா. எலும்பு தாராளமாக இருந்து, அனுபவமுள்ள டாக்டர் ஒரே ஒரு பல் வைப்பதென்றால் கைடு இல்லாமலும் நன்றாகவே போகும். நரம்புக்கோ சைனஸுக்கோ அருகில், சிரிக்கும்போது தெரியும் முன்பல், வரிசையாக மூன்று நான்கு பற்கள் என்றால் அந்தப் பணம் தண்டமில்லை. "பிளானை ஸ்க்ரீனில் காட்டுங்க டாக்டர், நரம்பு எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். காட்டி விளக்குகிறவரிடம் நம்பிப் போகலாம்.

கடைவாய்ப் பல்லில் கைடு வைத்தால் டிரில்லே உள்ளே போவதில்லை. வழி உண்டா?
போரூர்

கைடட் டிரில் வழக்கமானதைவிட நீளம், அதற்கு மேல் டிரில்லைச் சுழற்றும் ஹேண்ட்பீஸின் தலை வேறு. ஸ்கேனுக்கு அனுப்பும் முன்பே அந்த நீள டிரில்லை ஹேண்ட்பீஸில் மாட்டி, பேஷன்ட் வாயில் வைத்து அளந்து பாருங்கள். இடிக்கிறதென்றால் கன்னப் பக்கம் திறந்த ஸ்லீவ் கேளுங்கள், பக்கவாட்டில் நுழைக்கலாம். அதுவும் முடியாதென்றால் முதல் சிறு துளை போடும் பைலட் டிரில்லுக்கு மட்டும் கைடு, மீதி கையால். மூடிய கைடுக்குள் குளிர்விக்கும் தண்ணீர் சரியாக இறங்காது. எலும்பு 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே பாதிப்புதான். டிரில்லை அடிக்கடி வெளியே எடுத்து, அசிஸ்டென்ட்டைத் தனியாக சிரிஞ்சால் சலைன் பீய்ச்சச் சொல்லுங்கள். திறந்த ஸ்லீவ் வேண்டுமென்பதை பிளான் கட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும், பிரிண்ட் ஆன கைடை பர் (பல் வெட்டும் சிறு டிரில்) வைத்து அறுத்தால் அதன் பிடிமானமே போய்விடும்.