மகள் கோத்த மாலை

கேள்வி: என் 6 வயது மகள், அப்பப்பா துளையிட்டுக் கொடுத்த செந்நிற விதைகளையும் வண்ணம் பூசிய மக்கரோனியையும் புறக்கோட்டையில் வாங்கிய பிளாஸ்டிக் மணிகளையும் இலாஸ்டிக் நூலில் கோத்து எனக்கொரு மாலை தந்தாள். அதை அலுவலகத்துக்கும் அணிந்து செல்கிறேன். இப்போது நூல் தளர்ந்துவிட்டது. அலுமாரியில் பூட்டிவைத்துவிட்டு, செட்டியார் தெருவில் அதேபோல் தங்கத்தில் செய்விக்கும்படி தங்கை சொல்கிறாள். என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்த விதைகளைப் பாருங்கள். முழுவதும் சிவப்பாக இருந்தால் அவை பெரும்பாலும் மஞ்சாடி, அவ்வளவு அச்சம் வேண்டாம். ஒரு முனையில் கறுப்புப் பொட்டு இருந்தால் அவை குன்றிமணி. அதன் தடித்த தோலுக்குள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருப்பதால், துளையிட்ட குன்றிமணி குழந்தையின் வாய்க்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. அவ்வாறாயின், காரணத்தை மகளிடம் சொல்லி, அவற்றுக்குப் பதிலாக எதைக் கோப்பது என்பதை அவளே தெரிவுசெய்யட்டும்.

மாலையை நீங்கள் அணிவதையே நான் விரும்புகிறேன். தான் செய்தது அம்மாவின் கழுத்தில் வெளியே போய்வருவதைக் காணும் குழந்தைக்கு, பூட்டிய அலுமாரி எதையும் சொல்லாது. ஆனால் வியர்வையும் கடலோர ஈரக்காற்றும் இலாஸ்டிக்கை விரைவில் கெடுத்துவிடும் என்பதால், அறுந்து மணிகள் சிதறுமுன் தங்கூசி எனப்படும் நைலோன் நூலுக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு முன் மாலையை மேசையில் விரித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நீலத்துக்குப் பின் ஏன் மூன்று மஞ்சள் என்று நமக்குத் தோன்றலாம். அந்த வரிசைதான் அவளுடைய வேலை, அதை அழகுபடுத்த முனையாதீர்கள். முடிச்சைப் போடும்போது அவளையும் அருகில் இருத்திக்கொள்ளுங்கள்.

மக்கரோனி ஈரத்தை உறிஞ்சி இளகும், வண்டும் வரும். அவற்றைக் கழற்றி, காற்றுப்புகாத பையிலிட்டு ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தால் பூச்சிகள் மடியும். பிறகு நன்றாக உலரவிட்டு நிறமற்ற வார்னிஷ் பூசுங்கள். வண்ணம் கரைகிறதா என்று ஒன்றில் மட்டும் முதலில் பார்ப்பது நல்லது. அணியாத நாட்களில் சிலிக்கா ஜெல் பையுடன் மூடிய டப்பாவில் வையுங்கள். நப்தலீன் உருண்டையை அருகில் வைக்காதீர்கள்; சில பிளாஸ்டிக் மணிகள் அதன் ஆவியில் இளகி ஒட்டிக்கொள்ளும். மகளின் வயதையும் செய்த திகதியையும், மாலையைத் தந்தபோது அவள் சொன்ன சொற்களையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். சில ஆண்டுகளில் அச்சொற்கள் உங்களுக்கே மறந்துபோகும்.

தங்கத்தில் செய்விப்பது உங்கள் விருப்பம். ஆனால் அது தட்டாரின் கைவேலையாக இருக்கும். இதற்குப் பதிலாக அதை அணியாதீர்கள்.