கல்யாணத்துக்கு எந்த ஹேர் எக்ஸ்டென்ஷன் வாங்கலாம்?

மூன்று மாதத்தில் கல்யாணம், தோள் வரைக்கும்தான் முடி, அதுவும் மெலிசு. முகூர்த்தத்துக்குப் பின்னல், ரிசப்ஷனுக்கு விரித்த முடி. ஒட்டுகிற எக்ஸ்டென்ஷன் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், முகூர்த்தத்துக்குச் சவுரி போதும். ரிசப்ஷனுக்கு, மாட்டிக் கழற்றுகிற கிளிப் வகை வாங்குங்கள். ஒட்டுகிறது வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்றால், நம் வீட்டு எண்ணெய்தான் காரணம். டேப் வகையில் உங்கள் முடியில் ஒரு மெல்லிய கற்றையை நடுவில் வைத்து, மேலும் கீழும் பசை நாடாவை ஒட்டுவார்கள். கெரட்டின் வகையில் பசையைச் சூட்டில் உருக்கிப் பொட்டுப் பொட்டாகப் பிடிக்க வைப்பார்கள். இரண்டுக்குமே வேர்ப் பக்கம் எண்ணெய் படக்கூடாது, பட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நலங்கு, எண்ணெய்க் குளியல் என்று வீட்டில் வரிசையாக இருக்கும்போது யாரிடம் போய் வேண்டாம் என்பீர்கள்? தவிர, முடி வளர வளர ஒட்டு கீழே இறங்கும். டேப் வகையை ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்லரில் எடுத்து மேலே ஒட்ட வேண்டும். மெலிசு முடியில் இரவும் பகலும் அந்த இழுப்பு இருந்தால் வேரே பலவீனமாகும். நெற்றியோரம் வழுக்கை விழுந்தவர்கள்கூட உண்டு.

அடுத்து, முடியின் தரம். இதில் நான் காசு கொடுத்துப் பாடம் படித்தவள். என் ரிசப்ஷனுக்கு 'நூறு சதவீத மனித முடி' என்று எழுதியிருந்த செட் ஒன்றை வாங்கினேன். அன்றைக்குப் பட்டு மாதிரி இருந்தது. மூன்றாவது அலசலில் தேங்காய் நார். சீப்பு உள்ளே போகவில்லை. பொய் என்று சொல்ல முடியாது, மனித முடிதான். ஆனால் எங்கிருந்து வந்த முடி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முடியின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய அடுக்கு இருக்கும், எல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். தலையில் இருக்கும் முடி முழுக்க ஒரே திசை என்பதால் சிக்குக் குறைவு. தெருவில் முடி வாங்குகிறவர் வந்து, சீப்பில் உதிர்ந்ததைச் சுற்றி வைத்த சிக்கு முடிக்கு எவர்சில்வர் கிண்ணம் தருகிறாரே, அந்த முடியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். செதிலோடு செதில் மாட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய அமிலத்தில் நனைத்துச் செதிலை எடுத்துவிட்டு, சிலிக்கான் பூசிப் பளபளக்க வைப்பார்கள். மூன்று நாலு தடவை அலசினால் பூச்சு போய்விடும். நான் வாங்கியது அந்த ரகம்.

திருமலையில் மொட்டை போடும் இடமான கல்யாணகட்டாவில் பெண்கள் காணிக்கை கொடுக்கும் நீள முடி அப்படியில்லை. மழிக்கும் முன்பே கட்டிவிடுவதால் திசை மாறுவதில்லை. தேவஸ்தானம் நீளவாரியாகப் பிரித்து ஏலம் விடுகிறது. இப்படித் திசை மாறாத முடியைத்தான் கடையில் 'ரெமி' என்பார்கள். அட்டையில் ரெமி என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஓர் இழையை உருவிப் பாருங்கள். வேரிலிருந்து நுனிக்கு வழுக்க வேண்டும், திருப்பி உருவினால் லேசாகச் சொரசொரக்க வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி வழுக்கினால் எனக்குச் சந்தேகம்தான். உதிர்ந்த இழை கிடைத்தால் கொளுத்தியும் பாருங்கள்: மனித முடி தீய்ந்த வாடையோடு பொடியாகும், பிளாஸ்டிக் உருகிக் கெட்டி உருண்டையாகும். (கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நான் கேட்கவில்லை, திட்டு வாங்கினேன்.)

சவுரிக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. பின்னிவிட்டால் இழைகள் உரசி அலைய இடமில்லை, அதனால் சிக்கு முடியில் செய்ததும் தாங்கும். எங்கள் அத்தை ஒரே சவுரியை வருஷக்கணக்கில் வைத்திருந்தார். கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும், குழந்தைகள் தொட்டால் அடி விழும். பிடரியில் சொந்த முடியை மூன்றாகப் பிரித்து, சவுரியின் ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு பிரியோடு சேர்த்துப் பின்னி, அடியில் குஞ்சலம் கட்டிவிடுவார். பூவின் கனத்தையும் அது தாங்கும்.

கிளிப் செட் வாங்கும்போது எடையைக் கேளுங்கள். உங்களுக்கு 100 முதல் 120 கிராம் போதும். அதற்கு மேல் போனால் சாயங்காலத்துக்குள் தலை வலிக்கும். நீளத்துக்கு ஆசைப்படாதீர்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், 18 அங்குல முடி என்றால் ஒருத்தி நாலு வருஷம் வளர்த்தது. விலை ஏறுவது அதனால்தான். நுனிவரை ஒரே அடர்த்தி வேண்டுமானால் 'டபுள் டிரான்' என்று கேட்க வேண்டும், விலை கூடும். நிறத்தைக் கடை வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். டியூப்லைட்டில் எல்லாக் கருப்பும் ஒன்றுதான்.

கிளிப்பை உச்சியிலும் காதோரத்திலும் மாட்டாதீர்கள், வெளியே தெரியும். மெலிசு முடியில் வழுக்காமல் இருக்க, மாட்டும் இடத்தில் வேர்ப் பக்கம் கொஞ்சம் எதிர்வாக்கில் சீவிச் சிக்கு வைத்துக்கொண்டால் பிடிக்கும். தூங்கும் முன் கழற்றிவிட வேண்டும்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, மூன்று நாலு தடவை அலசிக் காயவையுங்கள். நாராகப் போகிறதென்றால் அப்போதே தெரிந்துவிடும், வேறு வாங்க நாளும் இருக்கும்.