பாதியில் நிற்கும் சாஷிகோ துணியை அலசலாமா?

கேள்வி: எட்டு ஆண்டுகளுக்கு முன் சாஷிகோ கிட் ஒன்று வாங்கினேன், அதாவது அச்சிட்ட கோட்டின் மேல் ஓட்டுத்தையலால் கோலம் போடும் ஜப்பானியக் கைவேலைக்கான துணியும் நூலும். கருநீலத் துணியில் அசனோஹா இலைக் கோலத்தைப் பாதி தைத்து, ஊசியோடு மடித்து வைத்துவிட்டேன். இப்போது துணி கசங்கியிருக்கிறது, ஊசி இருந்த இடத்தில் துருக்கறை, நூலும் போதாது. அலசி இஸ்திரி போட்டுவிட்டுத் தொடரலாமா? காசு கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் இணையத்தில் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அலசவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

துணியில் அச்சிட்டிருக்கும் வெள்ளைக் கோடு தண்ணீரில் கரைவதற்கென்றே போட்டது. தைத்து முடித்து அலசினால் கோடு போய்த் தையல் மட்டும் நிற்கும். இப்போதே நனைத்தால் மீதிப் பாதிக்கு வழி தெரியாது. இஸ்திரி அதைவிட மோசம். சூடு பட்டால் அந்த அச்சு துணியிலேயே படிந்துவிடலாம், பிறகு எத்தனை தரம் அலசினாலும் போகாது. இந்த எச்சரிக்கையைச் சிலர் உறையின் ஒரு மூலையில், ஜப்பானிய மொழியில், எறும்பு எழுத்தில் போடுகிறார்கள். வெளிநாட்டுக்கு விற்கிற பொருளில் இரண்டு வரி மொழிபெயர்த்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்? நடுவில் இருக்கும் வியாபாரி உறையைப் பிரித்து மறுபடி கட்டினால் அந்த எச்சரிக்கையும் காணாமல் போகும். கசங்கலுக்குக் கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வைத்தால் போதும்.

துருக்கறை மட்டும் விதிவிலக்கு. அதை அப்படியே விட்டால் பருத்தி இழை மெல்ல நைந்துபோகும். ஆனால் கறையைத் தொடுவதற்கு முன் ட்ரேசிங் தாளைத் துணிமேல் வைத்து, கறையைச் சுற்றியுள்ள கோட்டைப் படி எடுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அந்த இடத்தில் கோடு கரையத்தான் போகிறது. அடுத்து, துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். சாயம் இறங்கவில்லை என்றால் கறைமேல் மட்டும் சாற்றை ஒற்றி, சற்று நேரம் விட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். குளோரின் பிளீச் பக்கமே போகவேண்டாம். அது துருவை இன்னும் அழுத்தமாக்கும், நீலத்தையும் தின்றுவிடும். காய்ந்ததும், தண்ணீரில் போகிற வகை வெள்ளைப் படித்தாளை (துணிக்கான கார்பன் தாள்) வைத்துக் கோட்டைத் திரும்பப் போடுங்கள். சூட்டில் மறையும் பேனா வேண்டாம், கடுங்குளிரில் அந்தக் கோடு திரும்பி வரும். இழை ஏற்கெனவே அறுந்திருந்தால் அடியில் சிறு ஒட்டுத்துணி வைத்துச் சேர்த்தே தையுங்கள். ஜப்பானின் வடகிழக்கில், தோஹோகு விவசாயிகள் வீட்டில் இந்தத் தையல் வளர்ந்ததே நைந்த துணிகளை அடுக்கித் தைத்துக் குளிரைத் தாங்கத்தான். அதனால் ஒட்டுப் போட்டதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

நூல் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சாஷிகோ நூல் தளர்ந்த முறுக்குள்ள பருத்தி நூல். மினுக்காது, இழை பிரிக்காமல் முழுதாகவே கோப்பார்கள். கடையில் ‘சாஷிகோ செட்’ என்று ஆறு இழை எம்பிராய்டரி நூலையும் வட்ட ஃபிரேமையும் சேர்த்துத் தந்தால், விற்பவருக்கு அந்தத் தையலே தெரியாது என்று அர்த்தம். சாஷிகோவுக்கு ஃபிரேம் கிடையாது. நீண்ட ஊசியில் துணியைக் கொசுவிக் கொசுவி ஏற்றிப் பல தையல்களை ஒரே இழுப்பில் இழுப்பதுதான் முறை. புது நூலின் வெள்ளை பழையதோடு கொஞ்சம் மாறித்தான் இருக்கும். பழைய தையல் நின்ற இடத்திலேயே தொடங்காமல், அங்கங்கே விட்டுப்போன வரிகளில் கலந்து தைத்தால் எல்லைக்கோடு போலத் தெரியாது.

கை பழகுவதற்கு வேறொரு துண்டில் நான்கைந்து வரி ஓட்டுங்கள். முன்பக்கத் தையலுக்கும் இடைவெளிக்கும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம் வைத்துக்கொள்ளலாம். அசனோஹாவில் கோடுகள் கூடும் மையத்தில் தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, சிறு இடம் விடுங்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் விரலால் துணியை நூல் போன திசையில் நீவிவிடுங்கள். ஜப்பானில் இதை இதோகோகி என்பார்கள். இதைச் செய்யாததால்தான் முக்கால்வாசிப் பேரின் துணி சுருங்கிக் கிடக்கிறது. பிறகு பழியெல்லாம் கிட்டின் மேல்!

முடித்துத் தருகிறேன் என்பவரைப் பற்றி: முழுப் பணத்தையும் முன்பே கேட்பார்கள். சாஷிகோ போலவே காட்டும் தையல் இயந்திரம் இருக்கிறது, அதில் ஓட்டி அனுப்பினால் உங்களால் என்ன செய்ய முடியும்? துணியைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையல் என்றால் பின்பக்கமும் விட்டு விட்டுத்தான் இருக்கும், நூல் தொடர்ச்சியாக ஓடினால் அது கைவேலை இல்லை. நேர்மையானவரே கிடைத்தாலும் அவர் கையின் தையல் நீளம் வேறு, துணியில் இரண்டு கை தெரியும்.

எல்லாம் தைத்தபின் முதலில் வெறும் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, கோடு முழுக்கப் போய்விட்டதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நிழலில் உலர்த்துங்கள். நீலச் சாயம் இறங்கலாம், மற்றத் துணிகளோடு போடாதீர்கள். இஸ்திரி அதற்குப் பிறகுதான், அதுவும் பின்பக்கமாக.