கன்சோலில் இரண்டு முறை வரும் வரி

கேள்வி: வலைப்பக்கங்கள் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்ட் கற்றுக்கொண்டிருக்கிறேன். காம்பொனென்ட் (பக்கத்தின் ஒரு துண்டு) மவுண்ட் ஆனதும், அதாவது திரையில் ஏறியதும், சர்வரிலிருந்து மாணவர் பட்டியலை எடுக்க யூஸ்எஃபெக்ட் எழுதி, ஒரே முறை ஓடட்டும் என்று கடைசியில் காலி சதுர அடைப்புக்குறியும் போட்டிருக்கிறேன். ஆனாலும் கன்சோலில் ஒரே வரி இரண்டு முறை வருகிறது, கோரிக்கையும் இரண்டு போகிறது. பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் ஸ்ட்ரிக்ட்மோடை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறாள் தோழி. எடுத்துவிடலாமா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: எடுத்தால் இரண்டாவது வரி போய்விடும், உண்மைதான். அதற்காக எடுக்காதீர்கள்.

2022 மார்ச்சில் வந்த ரியாக்ட் 18 முதல் இப்படித்தான். ஸ்ட்ரிக்ட்மோடுக்குள் ஒரு காம்பொனென்ட் புதிதாக மவுண்ட் ஆனதும், ரியாக்ட் அதைக் கழற்றி மறுபடி மாட்டுவதுபோல ஒரு பாவனை செய்கிறது. திரையில் இருப்பதும் ஸ்டேட்டும் (காம்பொனென்ட் நினைவில் வைத்திருக்கும் மதிப்புகள்) அப்படியே இருக்கும். எஃபெக்ட் (யூஸ்எஃபெக்டுக்குள் எழுதியது) ஓடும், அது தொடங்கியதை நிறுத்தும் கிளீனப் ஓடும், எஃபெக்ட் மறுபடி ஓடும். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் இந்த ஒத்திகை. பில்ட் செய்து சர்வரில் ஏற்றிய பிறகு கிடையாது.

இது இல்லாத காலத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ரியாக்ட் 17 வைத்து ஒரு பஸ் டிக்கெட் தளம் செய்துகொண்டிருந்தோம். சீட்டைத் தேர்ந்தெடுத்தால் பணம் கட்ட 8 நிமிடம். மீதி விநாடிகளை எல்லாப் பக்கங்களும் பகிரும் பொதுவான ஸ்டோரில் வைத்துவிட்டு, பணம் கட்டும் பக்கம் மவுண்ட் ஆனதும் செட்இன்டர்வெல் என்ற டைமர் போட்டு விநாடிக்கு ஒவ்வொன்றாகக் குறைத்தேன். பக்கம் அன்மவுண்ட் ஆகும்போது, அதாவது திரையிலிருந்து இறங்கும்போது, அதை நிறுத்த மறந்துபோனேன். என் மேசையில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. வாடிக்கையாளர்களோ ஏறும் இடத்தை மாற்றப் பின்னால் போய்த் திரும்பி வந்தார்கள். பழைய டைமரும் புதிய டைமரும் சேர்ந்து விநாடிக்கு இரண்டிரண்டாகக் குறைக்க, 8 நிமிடம் 4 நிமிடமாயிற்று. இரண்டு முறை போய்வந்தவருக்கு மும்மூன்றாகக் குறைந்தது. ஓடிபி வருவதற்குள் சீட் போய்விட்டது என்று போன் மேல் போன். இன்றைய ஸ்ட்ரிக்ட்மோட் இருந்திருந்தால் முதல் நாளே, என் கண் முன்னாலேயே, 480க்கு அடுத்து 478 என்று காட்டியிருக்கும். எஃபெக்டின் கடைசியில் டைமரை நிறுத்தும் கிளியர்இன்டர்வெல்லைக் கூப்பிடும் ஒரு ஃபங்ஷனை ரிட்டர்ன் செய்தேன். ஒரு வரி, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள்.

உங்கள் பட்டியலுக்கு வருவோம். எஃபெக்டுக்குள், கோரிக்கையை நடுவில் ரத்துசெய்ய உதவும் ஒரு அபார்ட்கன்ட்ரோலர் உருவாக்கி, அதன் சிக்னலைக் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச்சுக்குக் கொடுங்கள். கிளீனப்பில் அபார்ட் செய்யுங்கள். நெட்வொர்க் டேபில் அப்போதும் இரண்டு கோரிக்கை தெரியும், ஆனால் முதலாவது ரத்தானதாக இருக்கும். அது பரவாயில்லை. சிலர் மதிப்பை நினைவில் வைக்கும் யூஸ்ரெஃபில் 'ஏற்கெனவே ஓடிவிட்டது' என்று குறித்துவைத்து இரண்டாவது ஓட்டத்தைத் தடுப்பார்கள். காய்ச்சலைப் பார்க்காமல் தெர்மாமீட்டரை ஒளித்துவைக்கிற வேலை அது. கட்டணம் செலுத்துவது, ஆர்டர் போடுவது மாதிரி இரண்டு முறை நடந்தால் வம்பாகும் எதையும் எஃபெக்டில் வைக்கவே வேண்டாம். அதன் இடம் பட்டனின் ஆன்கிளிக்.

கேள்வி: தாய் காம்பொனென்ட், அதற்குள் குழந்தை காம்பொனென்ட். யாருடைய மவுண்ட் முதலில்?
– நேர்காணலுக்குத் தயாராகும் வாசகர், திருநெல்வேலி

பதில்: ரெண்டர் ஆவது (எதைக் காட்டுவது என்று கணக்கிடுவது) தாய் முதலில். மவுண்ட் ஆன பிறகு ஓடும் எஃபெக்ட் குழந்தைக்கு முதலில். ரியாக்ட் போன்ற இன்னொரு கருவியான வியூவில், மவுண்ட் ஆனதும் ஓடும் ஆன்மவுண்டடும் இதே வரிசைதான்.

கேள்வி: புது ரியாக்ட் புராஜெக்டில் திரை வெள்ளையாக நிற்கிறது. ரியாக்டைப் பக்கத்தில் பொருத்தும் கிரியேட்ரூட்டுக்குக் கொடுத்த கன்டெய்னர், டாம் எலிமென்ட் (பக்கத்தில் உள்ள உறுப்பு) அல்ல என்று சிவப்பில் பிழை. குறியீட்டை பத்து தடவை பார்த்துவிட்டேன்.
– வாசகர், மதுரை

பதில்: பதினோராவது தடவை இன்டெக்ஸ் எச்டிஎம்எல்லைப் பாருங்கள். புராஜெக்ட் தொடங்கித் தரும் கருவியான வீட் கொடுக்கும் ரியாக்ட் வார்ப்பில் டிவ்வின் ஐடி 'ரூட்', வியூ வார்ப்பில் 'ஆப்'. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காப்பி அடித்தீர்களோ? ஐடி சரியாக இருந்தால், ஸ்கிரிப்டை ஹெட் பகுதியில், பக்கம் படித்து முடியும்வரை அதைக் காக்கவைக்கும் டிஃபர் இல்லாமல் வைத்திருப்பீர்கள். டிவ் பிறப்பதற்கு முன்பே அதைத் தேடினால் கிடைக்காது.

கேள்வி: வியூ 3இல் மூன்று டேப். முதலாவதில் படிவம். வேறு டேபுக்குப் போய் வந்தால் தட்டியதெல்லாம் காணோம். வி-இஃப்பை வி-ஷோவாக மாற்றினேன், படிவம் பிழைத்தது. ஆனால் மூன்றாவது டேபில் இருக்கும் வரைபடம் மறைந்துவிட்டது!
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: வி-இஃப் பொய்யானால் காம்பொனென்ட் அன்மவுண்ட் ஆகிறது, உள்ளே தட்டியதும் அதோடு போகும். வி-ஷோ டிஸ்ப்ளே நன் போட்டு மறைக்கிறது, அவ்வளவே. எல்லா டேபும் ஆரம்பத்திலேயே மவுண்ட் ஆகிவிடும். உங்கள் வரைபடமும் மறைந்த நிலையிலேயே மவுண்ட் ஆகி, தன் பெட்டியின் அகலத்தை அளந்திருக்கும். மறைந்த பெட்டியின் அகலம் 0. அந்த அகலத்தில்தான் வரைந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

நானாக இருந்தால் வி-இஃப்புக்கே திரும்பி, ஒவ்வொரு டேபையும் தனி காம்பொனென்ட்டாக்கி, மறைந்ததை அழிக்காமல் வைத்திருக்கும் கீப்அலைவ் உள்ளே வைப்பேன். படிவம் உயிரோடிருக்கும், வரைபடமும் டேபைத் திறக்கும்போதுதான் மவுண்ட் ஆகும். ஆன்மவுண்டட் முதல் தடவை மட்டும் ஓடும் என்பதால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதுத் தரவு வேண்டுமென்றால் அதை, டேப் திறக்கும்போதெல்லாம் ஓடும் ஆன்ஆக்டிவேட்டடில் எழுதுங்கள். டைமர் ஏதாவது இருந்தால், டேப் மறையும்போது ஓடும் ஆன்டிஆக்டிவேட்டடில் நிறுத்துங்கள். என் பஸ் கதையை மேலே படித்தீர்கள்தானே.

வி-ஷோதான் வேண்டுமா? சரி, டேபைத் திறந்ததும் நெக்ஸ்ட்டிக் முடியும்வரை (வியூ பக்கத்தை மாற்றி முடிக்கும்வரை) காத்திருந்து, வரைபட லைப்ரரியின் ரீசைஸைக் கூப்பிடுங்கள்.