கெண்டை வைரஸ் மனுஷனுக்கு ஒட்டுமா? ஆத்துத் தண்ணி குடிக்கிறவங்க எதைப் பாக்கணும்?

ஒட்டாது. ஆஸ்திரேலியாவுல மர்ரே ஆத்துல கார்ப்ங்கிற கெண்டை மீனைக் கொல்ல விடப்போறதா சொல்ற அந்த ஹெர்பீஸ் வைரஸ் உங்க பசங்களுக்கு வருமான்னு கேட்டிருந்தீங்க, 1990கள் கடைசியிலேருந்து இது பல நாட்டு மீன் பண்ணைகள்ல பரவியிருக்கு, ஜப்பான்ல 2003ல பெரிய அளவுல வந்துச்சு, மனுஷனுக்கு வந்ததா ஒரு கேஸ் கூட பதிவாகல. வாய்ப்புண் கொடுக்கிற ஹெர்பீஸோட பேரைப் பாத்துதான் பயம் வந்திருக்கும்னு நினைக்கிறேன், ஆனா இது வேற குடும்பம். தண்ணி 30 டிகிரி தாண்டினாலே இதால பெருக முடியாது, நம்ம உடம்பு 37.

நிஜமா கவலைப்பட வேண்டியது செத்த மீனைத்தான். டன் கணக்குல அழுகினா தண்ணில ஆக்சிஜன் குறையும், சத்து கூடி நீலப்பச்சைப் பாசி வரும், அந்தப் பாசியோட விஷம் கல்லீரலைக் கெடுக்கும். கொதிக்க வச்சாலும் போகாது, தயவுசெஞ்சு அதை நம்பிடாதீங்க. 2023 மார்ச்ல நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து மெனிண்டி ஊர்ல ஆத்துல கோடிக்கணக்குல மீன் செத்துச்சே, அதுக்கு வைரஸே தேவைப்படல.

ஆத்துலேருந்து நேரா பம்ப் பண்றீங்கன்னா தண்ணி பச்சை பெயிண்ட் கொட்டின மாதிரி இருக்கா, மண்வாசனை தூக்கலா அடிக்குதான்னு பாருங்க, உங்க மாநில நீர்த்துறை போடுற பாசி எச்சரிக்கைல சிவப்புன்னா குளிக்கவும் வேண்டாம். நாயையும் இறக்காதீங்க.

ஒண்ணு, பாக்கத் தெளிவா இருந்தாலும் விஷம் இருக்கலாம், எச்சரிக்கை எடுக்கிற வரைக்கும் மழைத்தண்ணி பிடிச்ச டேங்க் தண்ணியோ பாட்டில் தண்ணியோதான். செத்துக் கிடக்கிற மீனை எடுத்து சமைக்காதீங்க, வைரஸுக்காக இல்ல, அழுகல் பாக்டீரியாவுக்காக.