உரிமத்தை முடக்கிவிட்டார்கள், கோர்ட் என்ன பார்க்கும்?

கேள்வி: நான் உரிமம் பெற்ற கட்டட ஒப்பந்ததாரர். கூரை ஒழுகுகிறது என்ற புகாரில் உரிம வாரியம் ஒரு வருடம் உரிமத்தை முடக்கிவிட்டது. நோட்டீஸில் கூரை மட்டும்தான் இருந்தது, உத்தரவிலோ அஸ்திவாரக் குறையும் சேர்ந்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போனால் வேலையை மறுபடி சோதிப்பார்களா?

பதில்: பொதுவாக மாட்டார்கள். மேல்முறையீடு வேறு, நீதிமன்ற மறுஆய்வு வேறு. மறுஆய்வில் கூரை ஒழுகியதா என்பதைவிட, வாரியம் எப்படி முடிவெடுத்தது, அதற்கு அதிகாரம் இருந்ததா, உங்கள் பக்கத்தைக் கேட்டதா, காரணம் எழுதியதா என்றுதான் நீதிபதி பார்ப்பார். உங்கள் பலமே அந்த அஸ்திவார வரிதான். சொல்லாத குற்றத்துக்கு யார் பதில் சொல்ல முடியும்? நோட்டீஸையும் உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதிதாக நுழைந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் பென்சிலால் கோடிட்டு வக்கீலிடம் கொடுங்கள்.

இது பழைய நியாயம். 1863இல் லண்டனில் தீர்ப்பான ஒரு வழக்கு: கூப்பர் என்பவர் முன்னறிவிப்புக் கொடுக்காமல் வீடு கட்டினார் என்று வட்டார வாரியம் அதை இடித்துத் தள்ளியது. சட்டத்தில் விசாரணை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாவிட்டாலும், அவரைக் கேட்டிருக்க வேண்டும் என்றது கோர்ட். ஏதேன் தோட்டத்தில் ஆதாமைக்கூடக் கடவுள் கேட்டுவிட்டுத்தான் தண்டித்தார் என்ற பழைய வாதமும் அங்கே பேசப்பட்டது.

சரி, ஜெயித்தால்? பெரும்பாலும் உத்தரவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொல்லி வாரியத்துக்கே அனுப்புவார்கள், அதனால் கூரைக்கான பில், படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். வழக்குப் போடுவதற்கான கெடு குறுகியதாக இருக்கலாம், இன்றே வக்கீலைப் பாருங்கள். அப்புறம், முடக்கத்தை நிறுத்திவைக்கும் கோர்ட்டின் தடை உத்தரவு கைக்கு வரும்வரை புது வேலை எதையும் தொடாதீர்கள்.