குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளையே வாங்குங்கள், தம்பி

தம்பி, காரைக்குடியிலிருந்து நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகருக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது என்றும், 47 வயதில் அலுவலகத்துக்குப் போக வர நாள்தோறும் 14 கிலோமீட்டர் மிதிக்க எந்தச் சைக்கிள் உடம்புக்கு ஒத்துவரும் என்றும் கேட்டிருந்தீர்கள். விடுப்பில் பள்ளத்தூர் வந்திருக்கும் நான், வீட்டு முகப்பில் நிற்கும் அப்பச்சியின் ஹெர்குலிஸ் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். இவ்வூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்து நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் தயாரிப்பு அது. நிமிர்ந்து உட்காரும் அமைப்பு, மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு என்று வேலைக்குப் போகிறவருக்கு வேண்டியவை எல்லாம் அதில் உண்டு. நெதர்லாந்தில் நீங்கள் தேட வேண்டியதும் ஏறக்குறைய அதைத்தான். நடுவிலுள்ள குறுக்குக் கம்பி மட்டும் வேண்டாம்.

அது லேடீஸ் சைக்கிள் அல்லவா என்று தயங்குவீர்கள். அதே கூச்சத்தால்தான், 45 வயதில் அங்கு போன நான், ஹேண்டில்பார் தாழ்ந்த பந்தயச் சைக்கிளைப் போன்ற ஒன்றை வாங்கினேன். உடம்பின் பாரம் முழுவதும் கைகளில் இறங்கிச் சுண்டுவிரல்கள் மரத்துப்போயின. ஒரு மழைநாளில் காலைத் தூக்கிப் போட்டு ஏறும்போது கேரியரில் இருந்த பை தடுக்கி விழுந்து, மணிக்கட்டு பிசகி, ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். கனமான பையும் மழைக்கோட்டுமாக ஏறி இறங்குவதுதான் நம் வயதில் விழக்கூடிய இடம். அங்கே நம் வயது ஆண்கள் பலர் குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளில்தான் போகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்தது சீட்டின் உயரம். உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் படிய வேண்டும் என்ற நம் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கி நிற்கும், அதுவே சரியான அளவு.

மேடு இல்லாத நாடுதான், ஆனால் எதிர்காற்று மேட்டைவிடக் கடுமையானது. ஆகவே பின்சக்கரத்தின் நடுவிலுள்ள உருளைக்குள்ளேயே (ஹப்) அமைந்த ஏழு கியர் உள்ளதாகப் பாருங்கள். சிக்னலில் நின்றபடியே கியரை மாற்றிக்கொள்ளலாம், மழையும் சேறும் உள்ளே போகா. பல சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும் என்பதால், பெடலைப் பின்னால் சுழற்றி வசதிப்படுத்திக்கொள்ளும் நம் பழக்கம் முதல் வாரத்தில் திடுக்கிட வைக்கும்.

முழங்காலில் ஏற்கெனவே தொந்தரவு இருந்தால் மின்சைக்கிள் வாங்குவதில் தவறில்லை. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மட்டுமே மோட்டார் துணைசெய்யும் வகைக்கு உரிமம் தேவையில்லை. பெடல் சுழன்றாலே தள்ளும் வகையைவிட, காலின் அழுத்தத்தை உணர்ந்து அதற்கேற்பத் தள்ளும் வகையே நிதானமாகக் கிளம்பும். எடை 25 கிலோ அளவுக்கு வரும் என்பதால், மாடிப்படியில் தூக்க வேண்டிய வீடானால் யோசியுங்கள்.

எதை வாங்கினாலும் சக்கரப் பூட்டு ஒன்று, கம்பத்தோடு பிணைக்கும் கனத்த சங்கிலி ஒன்று என இரண்டு பூட்டுகள் தேவை. இருட்டில் முன்னும் பின்னும் விளக்கு எரிவது அங்கே சட்டம். நான் அடுத்த மாதம் திரும்பியதும் கடைக்குச் சேர்ந்தே போகலாம்; அதுவரை வாடகைச் சைக்கிள் ஒன்றில் ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.